ஐந்து நட்சத்திரமும் ஒரு கை சாம்பிராணியும்

மார்ச் 11, செவ்வாய்
காலையிலேயே அனல். மழைக்கான அறிகுறியே இல்லை. கமலாவுக்கு ராத்திரி முழுக்கப் புரளல். பக்கவாதம் வந்ததிலிருந்து என் வீட்டுக்காரிக்குப் பேச்சு இல்லை. எல்லாம் புரிகிறது, வாய்தான் வரவில்லை. பேச்சுப் பயிற்சி மிஸ்: "அங்கிள், ஆன்ட்டி நல்லா தூங்குனாதான் பயிற்சி ஏறும்லா. ரூம் சில்லுனு இருக்கணும்."
பழைய ஏர்கோன் கரண்டைக் குடித்துவிட்டு உறுமுகிறது, அவ்வளவுதான்.

மார்ச் 12, புதன்
லீவு. வாங்க: ஏர்கோன், கமலாவுக்குக் கட்டிவிடும் பம்பர்ஸ், சாம்பிராணி, டீத்தூள்.
செபராங் ஜெயா ஆபீசிலிருந்து மகள் துளசியின் உத்தரவு: "அப்பா, மலிவா இருக்குன்னு ரெண்டு ஸ்டாரைத் தூக்கிட்டு வந்துறாதீங்க. அஞ்சு ஸ்டார்!"
கடையில் சீனப் பெண் லேபிளைத் தட்டித் தட்டிக் காட்டினாள். "ஜிமாட் அங்கிள், ஜிமாட்." கரண்டு சிக்கனமாம். டீத்தூளை மறந்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்
மாட்டியாகிவிட்டது. சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று கை நீட்டிப் பார்த்தேன். துளசி மறுபடி: "இருபத்து நாலுல வைங்க, போதும். கதவு ஜன்னல் தொறக்கவே கூடாது. தொறந்தா அஞ்சு ஸ்டார் இருந்து என்ன புண்ணியம்?" சரி தாயே.
மத்தியானம் கமலா தூங்கினாள். குறட்டை வேறு. அதைக் கேட்டு எனக்கு அழுகை. இந்த ஸ்டார் கணக்கைக் கொண்டுவந்த மகராசன் யாரோ, நன்றாக இருக்கட்டும்.

மார்ச் 14, வெள்ளி
மாலை மேகமூட்டம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி எப்போதும் கமலா வேலை. இன்று நான். பிறை தொழிற்சாலையில் போர்க்லிப்ட் ஓட்டுகிறவனுக்கு அளவு எங்கே தெரியும்? தணலில் ஒரு கை அள்ளிப் போட்டேன். புகையோடு நான் அவள் அறைக்குள் போனதும் மகள் உத்தரவு ஞாபகம். கதவைச் சாத்தினேன். ஜன்னலும் சாத்தியே இருந்தது.
போச்சு. கட்டிலே தெரியவில்லை. ஏர்கோன் புகையை இழுத்து அவள் மேலேயே ஊதுகிறது. கமலாவுக்கு இருமல். நான் ரிமோட்டைத் தேடித் தடவுகிறேன்.
"ஜன்ன... ஜன்னல்... தொறங்க!"
கமலாதான். குழறல் இருந்தது, அதட்டல் அதே அதட்டல்.
எல்லா ஜன்னலையும் திறந்தேன். குளிரெல்லாம் ரோட்டுக்குப் போயிற்று. போகட்டும். பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னொரு தடவ திட்டும்மா" என்றேன்.
"கூ... கூறுகெட்ட..."
முழுசாக வரவில்லை. எனக்குப் போதும். முருகா, கோடி நன்றி.
துளசிக்குப் போன் போட வேண்டும். நான் பேசப் போவதில்லை. இவளே பேசட்டும்.