என் பெயர் குத்திய ஊசி

பாப்பாவின் அப்பாவுக்கு,

சிறைக் கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, கையில் புதிதாகப் பச்சை குத்திய என் பெயரைப் பெருமையாகக் காட்டினீர்கள். "எங்க பிளாக் முழுக்க ஒரே ஊசிதான்" என்று சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நர்ஸ் அக்காவிடம் கேட்டேன். அந்த ஊசியிலும் எச்ஐவி வரலாமாம். விடுதலையானதும் ரத்தப் பரிசோதனை, மூன்று மாதம் கழித்து இன்னொன்று. அதுவரை ஆணுறை. வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். உள்ளே வேறென்ன நடந்தது என்று நான் கேட்கப் போவதில்லை.

"கட்டின புருஷனையே சந்தேகப்படுறியாடி?" என்கிறார் உங்கள் அம்மா. "சந்தேகம் இல்ல அத்தை, பயம்" என்றேன்.

இதைப் பிரித்துப் படிக்கும் வார்டர் சிரிக்கட்டும். ஆளுக்கொரு ஊசி கொடுக்க வக்கில்லாதவர்கள் வேறென்ன செய்வார்கள்?

பரிசோதனைக்கும் ஆணுறைக்கும் சம்மதம் என்றால் வீட்டுக்கு வாருங்கள். இல்லையென்றால் என் பெயர் உங்கள் கையில் இருக்கட்டும், நான் உங்களோடு இருக்க மாட்டேன்.

பாப்பாவின் அம்மா