கிட்னி தருகிறேன் என்ற மகளுக்கு

அன்புள்ள பெரியவளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுத மனசு வரவில்லை, அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருந்தால் அதுவே போதும். போனில் பேசினால் உன் தங்கை காதில் விழும், அதனால்தான் கடிதம். இந்த லூபஸ் வியாதியில் அவளுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டதம்மா, மாற்றுவதைத் தவிர வழியில்லை என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். எனக்குச் சர்க்கரை, உன் அம்மாவுக்குப் பிரஷர், எங்கள் இருவரையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். நீ தருகிறேன் என்றதைச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று பார்த்தால், முதல்ல அக்காவுக்கும் லூபஸ் இருக்கான்னு பார்க்கணும் என்கிறார். தலையில் இடி விழுந்தது போலிருந்தது.

என்ன டாக்டர் இது, விளையாட்டு டீச்சர் என்று நாள் முழுக்க வெயிலில் விசில் ஊதினவள் சின்னவள், பெரியவள் ஏசி ரூமில் வேலை பார்க்கிறவள் என்று சண்டைக்கே போய்விட்டேன். வெயில் இந்த வியாதியைக் கிளறிவிடும், ஆனால் அது மட்டுமே காரணமில்லையாம். உடம்பைக் காக்கிற எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்குகிறதாம், ஏன் என்று அவர்களுக்கே முழுசாகத் தெரியாதாம். பத்துப் பேருக்கு வந்தால் ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் பிள்ளை பெறுகிற வயசில். கூடப் பிறந்தவளுக்கு இருந்தால் வாய்ப்பு கூடுதல், ஆனாலும் பெரும்பாலான அக்கா தங்கைகளுக்கு வருவதில்லை என்றார். இதில் எதிர்வீட்டம்மா வேறு, சின்னவளுக்கு டம்ளரைத் தனியாக வை என்று உன் அம்மாவுக்கு உபதேசம். இது ஒட்டுவாரொட்டி இல்லை, உங்க வாய்தான் அப்படி என்று வாசலிலேயே கத்திவிட்டேன்.

சின்னவள் முடி கொட்டி, முகம் வீங்கி, ஜன்னலைச் சாத்திக்கொண்டு கிடக்கிறாள். அக்காவை அறுக்கச் சொன்னா மாத்திரையை நிறுத்திடுவேன் என்று மிரட்டுகிறாள், பாவி. போன வாரம் நீ விரல் மூட்டு வலிக்குது, குளிர்தான் என்றாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. இவளும் விளையாட்டில் அடிபட்ட வலி என்றுதான் முதலில் சொன்னாள். கன்னத்தில் சிவப்பு, விட்டு விட்டுக் காய்ச்சல், சிறுநீரில் நுரை, எது இருந்தாலும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லி ரத்தம் கொடுத்துப் பார். ரிப்போர்ட் நல்லதாக வந்தால் உன்னை அறுக்கச் சம்மதிக்கணும், கெட்டதாக வந்தால் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன். சாமி முன்னால் நின்று எதைக் கேட்பது என்று தெரியாமல் திரும்பி வந்துவிடுகிறேன்.

மாப்பிள்ளையிடமும் கலந்து பேசு. நீ நூறு வயசு நன்றாயிருக்கணும். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு மட்டும் சொல். எல்லாம் சரியாக இருந்தும் தர உனக்குப் பயமாயிருந்தால், கிட்னி ஒத்துவரவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிடு, நான் துருவிக் கேட்க மாட்டேன்.

உனக்கும் உன் தங்கைக்கும்
அப்பா