ஊசிக்கு முன் ஒரு பதில்

அன்பு மகள் குட்டிம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் சுகம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இந்த வீட்டில் இப்போது வேறு நினைப்பில்லை. நேற்று நீ ஃபோனில், "ஒரே வார்த்தை சொல்லுங்கப்பா, அந்த ஊசியப் போட்டுக்கட்டுமா வேண்டாமா" என்று கேட்டாய், நான் பதில் சொல்லாமல் அம்மாவிடம் ஃபோனைக் கொடுத்துவிட்டேன். சரியாகத் தெரியாததில் வாய் திறக்க எனக்குப் பயம். அதனால் நீ அனுப்பிய பரிசோதனை அறிக்கையை மறுபடி வரிவரியாகப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன், எழுதியதும் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிடுவேன். நச்சுக்கொடியில் எடுத்த செல்களில் சிலவற்றில் ஒரு குரோமோசோம் கூடுதல், மற்றவை சரி, இப்படிக் கலந்திருப்பதற்கு மொசைக் என்று பெயர், இவ்வளவுதான் அதில் இருக்கிறது. குழந்தையின் செல் என்று எங்கும் இல்லை. நான் வேலை பார்த்த தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் குழாய் முனையில் துரு வந்தால் தொட்டியே துரு என்று கையெழுத்துப் போட மாட்டோம், தொட்டியிலிருந்து இன்னொரு முறை எடுத்துப் பார்ப்போம். பிள்ளையைப் போய் தொட்டியோடு சேர்த்துப் பேசுவார்களா என்று அம்மா முறைத்தாள், அதுவும் நியாயம்தான். ஆனால் உன் டாக்டரம்மா சொன்னதாக நீ சொன்னதும் ஏறக்குறைய அதுதானே, பெரும்பாலும் இது நச்சுக்கொடியோடு நின்றுவிடும், அந்த ஊசியால் பனிக்குட நீரை எடுத்தால் குழந்தை உதிர்த்த செல்களையே பார்க்கலாம், அப்போதும் நூற்றுக்கு நூறு உறுதி கிடையாது. ஊசியால் கரு கலையும் ஆபத்து சிறியது, ஆனால் இல்லாமல் இல்லை.

இன்று காலை என் அக்கா, உன் பெரிய அத்தை, ஃபோனில் பிடித்துக்கொண்டாள். "கோளாறுன்னு எழுதியே குடுத்துட்டாங்க, இன்னும் என்னடா ஆராய்ச்சி, நாள் போகப் போக அவ உடம்புக்குத்தான் கஷ்டம், இப்பவே கலைச்சிடச் சொல்லு" என்றாள். என் சட்டைத் துணி முதல் கல்யாணம் வரை அவள் வைத்ததுதான் சட்டம், உனக்குத் தெரியும். இன்று ஏனோ, "முடியாதுக்கா, பிள்ளையோட செல்லை இன்னும் யாரும் பாக்கவே இல்ல, அவகிட்ட இதப் பேசாத" என்று சொல்லி நானே ஃபோனை வைத்துவிட்டேன். வைத்ததும் போய் சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அம்மா என் காபியில் ஒரு கரண்டி சர்க்கரை போட்டாள், எனக்குச் சர்க்கரை வியாதி இருப்பதையே மறந்து.

ஆகவே நீ கேட்ட ஒரு வார்த்தை: போட்டுக்கொள். நான் சொல்வது தவறாகவும் இருக்கலாம், ஆனாலும் பார்க்காமல் எந்தப் பக்கமும் முடிவெடுக்காதே. பார்த்த பிறகு எடுக்கிற முடிவு உன்னுடையது, மாப்பிள்ளையுடையது. ஏன் என்று நான் கேட்க மாட்டேன், அம்மாவையும் கேட்க விடமாட்டேன். ஊசி போட்ட பின் கனமாக எதையும் தூக்காதே, நீர்க்கசிவோ காய்ச்சலோ தெரிந்தால் பொறுத்துப் பார்க்காமல் உடனே மருத்துவமனைக்குப் போ.

நீங்கள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும். எந்த முடிவானாலும் அத்தைக்குப் பதில் சொல்வது என் பொறுப்பு, அடுத்த முறை நின்றுகொண்டே சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன்.

என்றும் உன் பக்கம் நிற்கும்,
அப்பா