தேவியார் கற்ற துருக்கிச் சினம்

வளம் ஓங்குக. அலையையும் உப்பளத்தையும் எல்லையாகக் கொண்ட நெய்தலம்பதி நாட்டுக்கு முடியுடையவரும், சுறாக்கொடி உயர்த்தியவரும், முத்துறைத் தலைவியுமான ஆழிநங்கைத் தேவியாரின் திருவாணைப்படி, அவர்தம் ஓலைநாயகம் இளம்பூதன், துருக்கிக் கப்பற்படைத் தலைவர் யாகூப் ரெயிசு அவர்களுக்கு எழுதி விடுத்த ஓலை. உம்முடைய பாய்களுக்குக் காற்றும், மாலுமிகளுக்கு உடல்நலமும், உம்மைப் பெற்ற ஊருக்கு மழையும் குறைவறக் கிடைப்பதாக. வாழ்த்து இத்துடன் முடிந்தது. இனி வருவது வேறு.

புயலில் அடிபட்டு உம்முடைய கலங்கள் எங்கள் துறையில் ஒதுங்கியபோது, அவற்றை உம் தீவுக்குக் கொண்டுபோய்ச் செப்பனிட எங்கள் கப்பல் தச்சரை இரவல் கேட்டீர்; தேவியார் மனமுவந்து தந்தார். மழைக்காலத்துக்கு முன் அவர்களை வீடு சேர்ப்பதாக வாக்களித்தீர். கலங்கள் செப்பமாயின, மழையும் பெய்து ஓய்ந்தது, தச்சர் மட்டும் வரவில்லை. உம்முடைய தீவில் அவர்களைக் காவலில் வைத்துப் புதுக்கலங்கள் கட்டுவிக்கிறீர் என்று எங்கள் மீனவர் கண்ணால் கண்டு வந்து சொன்னார்கள்.

இந்நாட்டு வழக்கம் ஒன்றை நீர் அறியமாட்டீர். தேவியாரின் முப்பாட்டனார் ஒருநாள் உண்ணும் வேளையில், ஓர் ஊரின்மேல் எரிச்சலாய், அந்த ஊர் எரிந்து தொலையட்டும் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டார். அவர் கைகழுவி எழுவதற்குள் ஏவலர் ஓடிப்போய் ஊரைக் கொளுத்திவிட்டார்கள். அன்றுமுதல் அரியணையில் இருப்போர் தமிழில் சினச்சொல் உரைப்பதில்லை. எவ்வளவு சினம் மூண்டாலும், திருவுள்ளம் சற்றே வாடியது என்பதே அரசவாக்கு. அதைக் கேட்ட மாத்திரத்தில் எங்கள் சிற்றரசர்கள் திறையோடு ஓடிவருவார்கள்.

உமக்கும் அவ்வாறே எழுதினோம். நீரோ, வாட்டம் தீர இனிப்பு நல்லது என்று ஆறுதல் சொல்லி, ஆளுயரச் சாடிகளில் மாதுளைப் பாகு அனுப்பினீர். மறுபடி எழுதினோம், மறுபடியும் பாகு வந்தது. அரண்மனை மடைப்பள்ளியில் கால் வைக்க இடமில்லாமல் போயிற்று.

இந்நிலையில் தலைத்தச்சர் கொற்றங்குமரனின் மனையாள் வடிவுடையாள் அவைக்கு வந்தாள். கும்பிடவும் இல்லை, குனியவும் இல்லை. எம் புருசன் அங்கே அடிமையாய்க் கிடக்கிறான், இந்த ஊரில் ஒருத்தருக்காவது கோபம் வராதா தாயே, சோற்றில் உப்புப் போட்டுத்தானே தின்கிறோம் என்று நேர்நின்று கேட்டாள். அவையோர் பதறினார்கள். தேவியார் பதறவில்லை, அவருக்கு முகம் சிவந்தது. கோபம் அவருக்கு முன்பே வந்துவிட்டது, அது உம் காதுக்குப் போய்ச் சேரவில்லை என்பதே அவருடைய வேதனை. தம்மை நம்பி உளியைத் தூக்கிக்கொண்டு கப்பலேறியவர்களைத் தாமே கைவிட்டதுபோல் அவர் குன்றிப்போனார்.

மறுநாள் காலை, துறைமுகத்தில் ரொட்டி சுட்டு விற்கும் உம் நாட்டுப் பெண் எமினேயை வரவழைத்து, உங்கள் நாட்டில் கோபத்தை எப்படிச் சொல்வார்கள் என்று கேட்டார். இது முன்னோர் விதிக்கு மாறாகாதா என்று இவ்வோலை எழுதுவோன் குறுக்கிட்டான். விதி தமிழுக்குத்தான், துருக்கிக்கு யாரும் விதி செய்யவில்லை என்று தேவியார் அவன் வாயை அடைத்தார். முதல் பாடத்தில் எமினே வாய்விட்டுச் சிரித்தாள். இத்தனை மெல்லச் சொன்னால் என் அடுப்பு ரொட்டிகூட வேகாது அம்மா, அடிவயிற்றிலிருந்து சொல்லுங்கள் என்றாள். தேவியார் சொன்னார். தோட்டத்துக் காவலர் வாளை உருவிக்கொண்டு ஓடிவந்தார்கள்.

ஆகவே யாகூப் ரெயிசு அவர்களே, இனி உம்முடைய மொழியிலேயே கேளும். கான் பெய்னினே சிச்ராதி: தேவியாரின் இரத்தம் மூளைக்குப் பாய்ந்துவிட்டது. புர்னுந்தான் சொலுயோர்: அவர் மூக்கால் மூச்சுவிடுகிறார். பிச்சாக் கெமியே தாயாந்தி: கத்தி எலும்பைத் தொட்டுவிட்டது. இவற்றின் பொருளை எமினே சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். உமக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

உம்மிடம் பீரங்கி உண்டு, எங்களிடம் இல்லை. அது தெரிந்தே எழுதுகிறோம். இவ்வோலை புறப்பட்ட நாழிகை முதல் எங்கள் மூன்று துறைகளிலும் உம் கலங்களுக்கு நங்கூரமிட இடமில்லை, குடிக்க நீரில்லை, ஒரு முழக் கயிறும் இல்லை. துறைவாயில்களில் சங்கிலி கட்டியாயிற்று. பீரங்கியால் சுட்டு உடைப்பதானால் உடைத்துக்கொள்ளும்; உடைந்த துறையைக் கட்ட எங்களுக்குத் தெரியும், ஆனால் அதன்பின் உமது கலத்தில் ஓர் ஆணி அடிக்க இக்கரையில் ஒரு கையும் நீளாது. இதை உமக்கு வாசித்துக் காட்டும் மொழிபெயர்ப்பாளர் ஒரு சொல்லையும் தணிக்கலாகாது. தணித்தாரெனக் கேள்விப்பட்டால் தேவியார் தாமே வந்து மறுபடி வாசிப்பார்.

இன்னும் ஒன்று எஞ்சியுள்ளது. மிகுந்த சினம் கொண்டவரை, சாடிகள்மேல் ஏறிவிட்டார் என்று உங்கள் ஊரில் சொல்வார்களாமே. நீர் அனுப்பிய சாடிகள் அத்தனையும் முத்திரை உடையாமல் இன்று கடற்கரையில் வரிசையாக நிற்கின்றன. கியூப்லெரே பிந்தி: தேவியார் அவற்றின்மேல் ஏறி, உம் தீவிருக்கும் திசை நோக்கி நிற்கிறார். வடிவுடையாளும் பக்கத்துச் சாடியில் ஏறியிருக்கிறாள். கடைசித் தச்சனின் கால் எங்கள் மணலில் படும்போதுதான் இருவரும் இறங்குவார்கள்.

எழுதியபடி வாசிக்க, வாசித்தபடி செய்க. இது தேவியார் சாடிமேல் நின்றபடியே தம் கையால் இட்ட சுறா முத்திரை.