அப்பாவுக்கு ஒரு கல்லூரி

சனிக்கிழமை, இரவு

“படிக்கப்போவது என் அப்பா.” ஷார்ஜா கல்விக் கண்காட்சியில் இன்று நான் சொல்லாமல் விட்டது இதைத்தான்.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று இங்கே ஒரு கிடங்கில் செக்யூரிட்டியாக இருக்கிறார் அப்பா. எல்லைக் காவலில் நட்சத்திரம் பார்த்துப் பழகியவருக்கு வானியலில் பட்டம் வாங்க ஆசை. முன்னாள் ராணுவத்தினருக்கு இடம் தரும் கல்லூரியை இருவரும் வாரக்கணக்கில் தேடினோம். ஒன்று அகப்பட்டது. அதன் மேசைக்குத்தான் போனோம்.

அங்கிருந்தவர் என்னைப் பார்த்தார். “பொண்ணுக்கா சார்? ராணுவத்துக்காரங்க பிள்ளைங்களுக்குத் தனி ஒதுக்கீடே இருக்கு.”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, “ஆமா சார், பாப்பாவுக்குத்தான். வானியல் படிக்கணுமாம்” என்றார். பாப்பா பட்டம் வாங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்!

“வானத்தப் பாக்குற படிப்பா? அதுக்கு மாப்பிள்ளையப் பாக்கலாமே சார்!”

அவர் சிரித்தார். அப்பாவும் கூடவே சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் உடம்பு எரிகிறது. ராணுவத்தில் இத்தனை வருஷம் உழைத்தவர், தனக்கென்று ஒரு இடம் கேட்க ஏன் இப்படிக் கூச வேண்டும்? பிள்ளைக்கு என்றால் மட்டும்தான் கேட்கலாமா?

வீடு திரும்ப ஏறிய ரோலா பஸ்ஸில் அப்பாவோடு சண்டை போட்டேன். “விடும்மா, கலாஸ், முடிஞ்சு போச்சு. இந்த வயசுல க்ளாஸ்ல போய் உக்காந்தா சிரிப்பாங்க” என்றார்.

வீட்டுக்கு வந்ததும், கல்லூரி மேசையில் எடுத்துவந்த அட்டையைப் பார்த்து அந்த ஆளுக்கு ஃபோன் செய்து, படிக்கப்போவது யார் என்று சொன்னேன். அவர் இம்முறை சிரிக்கவில்லை. “அப்படியா? சாரையே பேசச் சொல்லுங்கம்மா.”

அப்பா அதற்குள் டூட்டிக்குப் போய்விட்டிருந்தார்.