ஸ்டூடியோ முகப்பில் அப்பாவின் படம்

காஜா பேராங், மலாக்கா
14.7.1957

அன்புள்ள விஜயாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. சென்னை வெயிலில் நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம். நலம் என்ற சொல்லை அப்பாவுக்கும் சேர்த்து எழுத இந்த முறை மனம் வரவில்லை. காரணத்தைக் கீழே எழுதியிருக்கிறேன், பதறாமல் முழுவதும் படி.

ஊர் முழுக்க மெர்டேக்கா பேச்சுதான், சுதந்திரம் வர இன்னும் ஒன்றரை மாதம். நம் போட்டோ ஸ்டூடியோ கருணாகரன் ஒரு நோட்டீஸ் அடித்திருக்கிறார், ஆகஸ்டு மாதம் மலாக்காவில் பார்க்கவும் கேட்கவும் வேண்டியவை என்று. அதற்குத் தமிழ் எழுதிக் கொடுத்தது நான்தான். பண்டார் ஹிலிர் திடலுக்குப் போகிற வழியெல்லாம் அலங்கார வளைவுப் போட்டி நடக்கப் போகிறது, புக்கிட் காதில் கிராமத்து ஆட்கள் மூங்கிலும் தென்னங்குருத்தும் என்று சொல்கிறார்கள், சீனக் கடைக்காரர்கள் இன்னும் வாய் திறக்கவில்லை. கோயில் மண்டபத்தில் ஒரு வயலின் கச்சேரி, அதற்கு அடுத்த வாரம் செட்டிக் கம்பத்துப் பிள்ளைகளின் டொண்டாங் சாயாங் பாட்டு. தமிழ் வாயில் நுழையாவிட்டாலும் அந்தப் பிள்ளைகள் மலாயில் ஒருவருக்கொருவர் பதில் கட்டிப் பாடுவதைக் கேட்டால் நீ எழுந்திருக்கவே மாட்டாய். நான் “கேட்டு இன்புறுக” என்று எழுதியிருந்தேன். “டீச்சர், இது கும்பாபிஷேக நோட்டீஸ் மாதிரி இருக்கு, தவறாம வந்துடுங்கன்னு போடுங்க” என்று அதை அடித்து மாற்றிவிட்டார். கடைசியாகப் பெரிய எழுத்தில் அவர் ஸ்டூடியோவில் நடத்தப்போகும் சித்திரக் கண்காட்சி. உங்கள் கண்காட்சிக்கு நீங்களே சிபாரிசா என்று கேட்டேன். “வேற யாரு டீச்சர் செய்வா?” என்றார்.

அந்தக் கண்காட்சியைப் பற்றித்தான் எழுத வேண்டும். சென்னையிலிருந்து திரும்பிய பொன்னையா மூலம் ஸ்டூடியோவுக்கு நீ அனுப்பிய துணிச் சுருளில் அப்பாவின் படம் இருந்ததையும், அவர் சம்மதித்தால்தான் அதை மாட்ட வேண்டும், சம்மதித்தால் திறப்பு நாளுக்கு வருகிறேன், இல்லையென்றால் சென்னையிலேயே இருந்துவிடுகிறேன் என்று நீ எழுதியதையும் நான் மறக்கவில்லை. ஆசிரியர் பயிற்சியை விட்டுவிட்டு நீ சித்திரம் படிக்கக் கப்பலேறிய நாளிலிருந்து அவர் உனக்கு ஒரு வரி எழுதவில்லை. அப்படிப்பட்டவரிடம், அதுவும் போன மாதம் நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்த பிறகு எப்படிப் பேச்சை எடுப்பது என்று நல்ல நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கருணாகரன் பொறுக்கவில்லை. துணியைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, முகப்புக் கண்ணாடிக்குள் வைத்து, மேலே ஒரு சின்ன பல்பும் போட்டுவிட்டார். நோட்டீஸ் படிக்க வருகிறவர்கள் படத்தையும் பார்க்கட்டும் என்ற ஆசை.

அவரிடம் பெரிதாக்கச் சொல்லி வருகிற படங்களில் பாதிக்கு மேல் காலமானவர்களின் படங்கள் என்பது உனக்குத் தெரியும். நேற்று முன்தினம் வெள்ளிக்கிழமை. ஸ்டூடியோவில் இருக்கும் முருகன் படத்துக்குப் பூ வைக்க வழக்கம்போல் பூக்காரி பூங்காவனம் வந்திருக்கிறாள். அப்பா ஆஸ்பத்திரிக்குப் போனது வரைக்கும்தான் அவளுக்குத் தெரியும். இத்தனை பெரிய சட்டத்தில், விளக்கு வெளிச்சத்தில் அவர் முகத்தைப் பார்த்ததும் அழுதுகொண்டே கூடையிலிருந்த நல்ல மாலையாகப் பார்த்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறாள். கருணாகரன் வளைவுக்கு அளவெடுக்கத் திடலுக்குப் போயிருந்தார். உயிரோடு இருக்கிறவர் படத்துக்கு மாலை போட்டால் இந்த ஊர் என்ன நினைக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

நான் அடுப்படியில் இருந்தேன். செட்டிக் கம்பத்துப் பாக்கியம் ஊதுவத்தியும் வெற்றிலையுமாகக் கேட்டைத் திறந்துகொண்டு, “அடோய், கெசியான்”, ஐயோ பாவம் என்று மலாயில் அழுதபடி வந்தாள். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் அப்பா. தலைகுனிந்து வந்தவள் ஆளைப் பார்க்காமலே, எப்போது ஆயிற்று என்று “பிலா?” என்று கேட்டிருக்கிறாள். அவர் அவளுடைய மலாயிலேயே, “பெலும் லாகி, பாக்கியம்” என்றார். இன்னும் இல்லை. நான் கரண்டியோடு வெளியே வந்தபோது அவள் தரையில் உட்கார்ந்துவிட்டிருந்தாள், அப்பாதான் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு நானும் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பாக்கியம் சொல்லித்தான் படத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது. உடனே தன் கோட்டைக் கொண்டுவரச் சொல்லி ரிக்‌ஷாவில் ஏறினார், நானும் ஏறிக்கொண்டேன். ஸ்டூடியோவில் கூட்டம். பூங்காவனம் ஓடி வந்து காலில் விழுந்தாள். “ஐயா, படத்தப் பாத்ததும் மனசு தாங்கலைங்க” என்று அழுதவளிடம், “எனக்கு மாலை போட்டது உங்க டீச்சருக்கு அப்புறம் நீதான், எந்திரி” என்றார். என் தம்பி, உன் சேதுபதி மாமா எங்கிருந்தோ வந்து, “மச்சான், இது வீட்டுக்கு ஆகாது, இன்னைக்கே கிளேபாங் கடல்ல விட்டுடுவோம்” என்று படத்தில் கை வைத்தான். எனக்கு உயிரே போய்விட்டது, நீ எத்தனை மாதம் வரைந்தாயோ. அப்பா சத்தம் போடவில்லை. “படத்தை வரைஞ்சது என் மகள். மாலை போட்டது பூங்காவனம். கடல்ல விடணும்னா மாலையை விடு” என்று தன் கையாலேயே அதைக் கழற்றி மாமாவிடம் கொடுத்தார். என் மகள் என்று அவர் சொல்லி நான் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது.

பிறகு ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் படத்துக்கு எதிரே உட்கார்ந்தார். கருணாகரன் வர்ணத்தைப் பற்றி ஏதோ விளக்க வாய் திறந்தார், அப்பா கையைக் காட்டி நிறுத்திவிட்டார். நானும் அப்போதுதான் நின்று பார்த்தேன். நீ பெட்டியோடு படியிறங்கிய அன்று அவர் வைத்திருந்த முகம் அது, உதடு இறுகி, கண் உன் பக்கம் திரும்பாமல். இவ்வளவு நன்றாக வரைவாய் என்று எனக்குத் தெரியாது விஜயா, இவ்வளவு நாளும் அந்த முகத்தைத்தான் மனதில் வைத்துக்கொண்டிருந்தாய் என்பதும் தெரியாது. ரிக்‌ஷாவில் வீடு திரும்பினோம். சாப்பாட்டின்போது, “என் மூஞ்சி அப்படியா இருந்துச்சு, சீதா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். கை கழுவிவிட்டு வந்து, “பொய்யா வரையல. மாட்டட்டும். ஆனா அன்னிக்கு ஒரு நாள் பாத்தது அது. இன்னொரு தடவை வந்து பாத்து வரையச் சொல்லு” என்றார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதிவிட்டேன்.

இனி நான் சொல்ல வேண்டியது. இருதயம் பலவீனமாகிவிட்டது, எதையும் தள்ளிப்போட வேண்டாம் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கிறார். அப்பாவிடம் சொல்லவில்லை, அவருக்குத் தெரிந்துதான் இருக்கிறது. பாக்கியத்துக்கு அவர் சொன்ன பதிலில் வேடிக்கை மட்டும் இல்லை. வளைவும் கச்சேரியும் கண்காட்சியும் அந்தந்தத் தேதியில் நடக்கட்டும். திறப்பு நாளைக் கணக்குப் பண்ணிப் புறப்படாதே, இடம் கிடைக்கிற முதல் கப்பலில் ஏறு. கப்பலில் வெறும் வயிற்றோடு இருக்காதே, எலுமிச்சை ஊறுகாய் எடுத்துக்கொள்.

உன் கைக்கு ஒரு குறையும் வராமல் அம்மன் காக்கட்டும். நீ நன்றாக இருக்க வேண்டும் என்று எங்கள் இருவரின் ஆசி. மறக்காமல் உன் தூரிகைகளைக் கொண்டு வா, வர்ணம் கருணாகரன் தருகிறேன் என்கிறார். அப்பாவால் இப்போது காலை நேரத்தில் மட்டும்தான் சாயாமல் உட்கார முடிகிறது. நேற்றும் இன்றும் விடிந்ததும் முகம் மழித்துக்கொண்டு வாசல் நாற்காலியில் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

உன் அன்புள்ள அம்மா,
சீதா மாணிக்கவாசகம்