உன் கடைவாய்ப் பல்லோடு மிஷின் பார்க்கப் போனேன்

மேஜை மேல் உன் பற்கள் இருக்கின்றன. பயந்துவிடாதே, பிளாஸ்டரில் வார்த்தவைதான். வறுத்த கடலையைக் கடித்து உன் கீழ்க் கடைவாய்ப் பல் உடைந்ததே, நீயாக டாக்டரிடம் போகமாட்டாய் என்று தெரிந்து நாம் வேலை பார்த்த பல் லேபில் வைத்தே நான் அச்சு எடுத்தேன். வாய் நிறைய அச்சுக் கூழை வைத்துக்கொண்டு நீ சிரித்த சிரிப்பில் அது மூக்கு வழியாக வந்துவிடுமோ என்று எனக்கு உதறல். "பல்லுக்குக் கேப் எல்லாம் அப்புறம் போட்டுக்கலாம்டி, மொதல்ல வெள்ளிக்கிழமை போகவேண்டியதை முடி" என்றாய். அந்த அப்புறம் வரவே இல்லை. ஊருக்கெல்லாம் பல் செய்து கொடுத்தவள் கடைசிவரை ஒரு பக்கமாகவே மென்றாய். அதில் எனக்கு இன்னும் உன்மேல் கோபம்தான்.

சரி, சேதி சொல்கிறேன். லேப் ஆரம்பிக்கிறேன். ஜனக்புரியில், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, தரைத்தளத்தில் ஒரு அறை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் காப்பிப் பொடி வாங்கிய கவரின் பின்பக்கம் நீ ஒரு நாள் பேனாவால் பிளான் போட்டாய், நினைவிருக்கிறதா? "மிஷினைச் சுவத்தோட ஒட்டி வைக்காதே, பின்னாடி யாரு போய்த் துடைக்கிறது?" என்று அதட்டினாய். அன்றைக்கு மிஷினும் கிடையாது, சுவரும் கிடையாது.

இப்போது சுவர் இருக்கிறது. மிஷின்தான் ஒரு மாதமாக என் உயிரை வாங்கியது. பல்லைச் சீவி எடுக்கும் மில்லிங் மிஷினில் இரண்டு என் முன்னால் நின்றன. ஒன்று பெரியது. கேப் செய்கிற ஜிர்கோனியாக் கட்டியை உலர்வாகவும் சீவும், கண்ணாடி போன்ற பீங்கானைத் தண்ணீர் விட்டும் சீவும். இன்னொன்று சின்னது, உலர்வேலை மட்டும். என் வீட்டுக்காரர், தெரிந்த டாக்டர்கள், எல்லோரும் பெரியதைத்தான் சொன்னார்கள். நான் பழைய வேலையை விட்டாயிற்று. ஒரு மிஷினுக்குத்தான் வழி. தப்பாக வாங்கினால் லேப் எழுந்திருக்காது. பதினாறு வருடம் உன்னைக் கேட்காமல் ஒரு பல்லின் நிறத்தைக்கூட நான் முடிவு செய்ததில்லை. இதை மட்டும் தனியாக எப்படிச் செய்வேன், சொல்லு.

அப்போதுதான், பழைய லேபில் சாமான் கட்டுகையில், இந்த பிளாஸ்டர் பற்கள் கிடைத்தன. உடைந்த பல்லைக் கேப்புக்கு ஏற்றபடி நானே சீவித் தயார் செய்தேன். சீவி முடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அழுதேன்.

பெரிய மிஷின் கடையில் ஏ.சி., சோபா, ஜூஸ் எல்லாம் உண்டு. கண்ணாடிப் பெட்டியில் பளபளவென்று வரிசையாகப் பற்கள். "இந்தப் பல்லுக்கு ஒன்று செய்து காட்டுங்கள், அண்ணா" என்று ஹிந்தியில் கேட்டேன். அதற்குத் தேவையே இல்லை, சாம்பிளைப் பாருங்கள் என்றார் கடைக்காரர். காட்டுவதற்கென்றே செய்த பல்லைக் கண்டால் நீ என்ன சொல்வாய் என்று எனக்குத் தெரியாதா? "இது யார் வாயிலயும் போகல, அதான் இவ்வளவு அழகா இருக்கு" என்பாய். ஜூஸைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சின்ன மிஷின் கடையில் ஒரு பெண். டெல்லியில் பிறந்த தமிழ்ப் பெண். "ஆன்ட்டி, மம்மிகூட மட்டும்தான் தமிழ் பேசுவேன், தப்பா இருந்தா சாரி" என்று ஆரம்பித்தாள். மறுபேச்சு இல்லாமல் உன் பல்லை ஸ்கேன் செய்து மிஷினில் கொடுத்தாள். சுண்ணாம்பு நிறத்தில் ஒரு பல் வந்தது. சூளையில் சுருங்கும் என்பதால் பெரிதாகத்தானே சீவும்? கூட வந்த என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "யானைக்கா?" என்றார். நீ இருந்திருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாய்.

சூளையில் சுட்டு எடுத்ததும் வரச் சொன்னாள். மறுநாள் நான் மட்டும் போனேன். உன் பல்லில் அந்தக் கேப்பை வைத்து அழுத்தினேன். உட்கார்ந்தது. இடைவெளி இருக்கிறதா என்று ஊசியை ஓரத்தில் சுற்றி ஓட்டினேன், நீ ஓட்டுவதுபோலக் கண்ணை மூடிக்கொண்டு. எங்கேயும் தட்டவில்லை.

"அச்சா... நல்லா இருக்குல்ல? பேஷண்ட் எப்போ வருவாங்க ஆன்ட்டி?"

"வரமாட்டாம்மா. என் ஃப்ரெண்ட். போய் ரெண்டு வருஷம் ஆச்சு."

அவள் கேப்பைக் கழற்றி மறுபடி உன் பல்லில் மாட்டிப் பார்த்தாள். பிறகு, "ஆனா அவங்களுக்கு கரெக்டா ஃபிட் ஆச்சு ஆன்ட்டி" என்றாள். அந்தப் பெண் நன்றாயிருக்க வேண்டும்.

அங்கேயே உட்கார்ந்து உன்னோடு சண்டை போட்டேன். பெரியது இருந்தால் எந்த வேலை வந்தாலும் திருப்பி அனுப்ப வேண்டாமே என்றேன். தண்ணீர் வேலைக்கும் உலர்வேலைக்கும் மாற்றி மாற்றிக் கழுவிக் காயவைப்பதிலேயே உன் பொழுது போய்விடும் என்றாய். ஜனக்புரித் தண்ணீரில் உன் வீட்டு கீசர் எத்தனை தடவை உப்புப் பிடித்தது என்று கேட்டாய். வருகிற பத்து வேலையில் எட்டு ஜிர்கோனியா, மீதி இரண்டை வெளியே கொடுத்து வாங்கு என்றாய். கடைசியாக, "யாரும் உன்னைக் குறை சொல்லிடக் கூடாதுன்னுதானே பெரிசைக் கேக்கறே?" என்றாய். அடிப்பாவி, செத்தும் விடமாட்டாயா! சின்னதற்கே கையெழுத்துப் போட்டேன். போட்டதும் பசித்தது, ஒரு மாதத்துக்குப் பிறகு நன்றாகப் பசித்தது.

வியாழக்கிழமை மிஷின் வருகிறது. இரண்டு டாக்டர்கள் இப்போதே வேலை அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்கினேன். வீட்டுக்காரர் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுவிட்டு, "இத்தனையும் யாரைக் கேட்டு முடிவு பண்ணினே?" என்றார்.

"யாரையும் கேக்கலைங்க," என்றேன். "நாங்க ரெண்டு பேருமே உக்காந்து பேசிட்டோம்."